7474-ஆ, 4013-ஆ?

அன்புள்ள சேகர்,

கடிதம் வந்தது. உன் மகன் பாலிடெக்னிக்கில் டிஜிட்டல் லேப் வரை வந்துவிட்டான் என்பது நல்ல சேதி. அவனுடைய ஈஎஸ்பி32 (சின்ன கன்ட்ரோலர் போர்டு) கவுண்டருக்கும், ஒரே பட்டனால் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் உன் 12 வோல்ட் ரிலே பெட்டிக்கும் ஒரே ஃபிளிப்-ஃபிளாப் சிப்பை (ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1-ஐ நினைவில் வைத்திருப்பது) மொத்தமாக வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் 7474-உம் 4013-உம் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு டி ஃபிளிப்-ஃபிளாப், 14 பின், கிளாக் துடிப்பு ஏறும் விளிம்பில் டி பின்னில் உள்ள டேட்டாவைப் பிடித்து க்யூ பின்னில் வைத்திருக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சப்ளை வோல்ட்டேஜை. 7474-இல் வகைகள் உண்டு: 74எல்எஸ்74-க்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான். 74ஹெச்சி74-க்கு 2 முதல் 6. 74ஹெச்சிடி74 என்றால் 4.5 முதல் 5.5. சிடி4013 மட்டும் 3 முதல் 15 வோல்ட் வரை தாராளமாக ஓடும். உன் பெட்டி 12 வோல்ட் என்றதுமே 74 வரிசை கழன்றுகொண்டது. 7805 ரெகுலேட்டர் போட்டு 5 வோல்ட் ஆக்கலாம்தான், ஒரு பட்டனுக்கு அவ்வளவு எதற்கு?

ஆக, பெட்டிக்கு 4013-உடன் ஒரு 40106 ஷ்மிட் டிரிகர் (மெல்ல மாறும் சிக்னலைச் சட்டென்று மாறும்படி கூராக்கித் தலைகீழாகத் தரும் சிப்) வாங்கு. 4013-இல் 14-ஆம் பின்னுக்கு 12 வோல்ட், 7-ஆம் பின் கிரவுண்ட். 2-ஆம் பின்னை (க்யூ-பார், க்யூவுக்கு எதிர்) 5-ஆம் பின்னோடு (டி) சேர்த்தால் ஒவ்வொரு கிளாக்குக்கும் நிலை மாறும். 6-ஆம் பின் (செட்) கிரவுண்டுக்கு. 4-ஆம் பின்னிலிருந்து (ரீசெட்) சப்ளைக்கு ஒரு 100 நானோ ஃபாரட், கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோ ஓம். கரண்ட் வந்ததும் சுமார் 10 மில்லி விநாடி ரீசெட் ஆகி, ரிலே ஆஃபிலேயே தொடங்கும். இதை விட்டுவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் மோட்டார் ஓடுமா ஓடாதா என்பது சிப்பின் மனசுக்கு விட்ட விஷயம்.

பட்டனை நேரே கிளாக்கில் கொடுக்காதே. தொடுமுனை அதிர்வதால் ஒரு அழுத்தத்துக்கு ஐந்தாறு கிளாக் போய்ச் சேரும். ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது அதிர்ஷ்டம். 40106-இன் 1-ஆம் பின்னிலிருந்து 12 வோல்ட்டுக்கு 100 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 100 நானோ ஃபாரட், பட்டன் வழியாக கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். அழுத்தியதும் கெப்பாசிட்டர் சட்டென்று காலியாகும், நிரம்ப மட்டும் நேரம் எடுக்கும். அதனால் இடையிலுள்ள அதிர்வு 40106-ஐ எட்டாது. அதன் 2-ஆம் பின்னிலிருந்து 4013-இன் 3-ஆம் பின்னுக்கு கிளாக். வெறும் கெப்பாசிட்டர் மட்டும் போட்டு ஷ்மிட் டிரிகரை மிச்சம் பிடிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். மெல்ல ஏறும் கிளாக்கை ஃபிளிப்-ஃபிளாப் தாங்காது. 4013-க்கு 5 வோல்ட்டில் 15 மைக்ரோ விநாடிக்குள் ஏற வேண்டும், வோல்ட் கூடக்கூட கெடு இன்னும் குறையும். ஹெச்சிக்கு 4.5 வோல்ட்டில் 500 நானோ விநாடிதான்.

1-ஆம் பின்னிலிருந்து (க்யூ) 4.7 கிலோ ஓம் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு, கேத்தோடு சப்ளை பக்கம். இரண்டு சிப்புக்கும் சப்ளை பின் அருகிலேயே ஆளுக்கொரு 104 (100 நானோ ஃபாரட்) கெப்பாசிட்டர், போர்டில் மின்சாரம் நுழையும் இடத்தில் 100 மைக்ரோ ஃபாரட். ரிலே விடும்போது ஃபிளிப்-ஃபிளாப் தானாகவே மறுபடி மாறினால் குற்றவாளி சிப் இல்லை, இந்த மூன்றில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும். 4013-இல் பயன்படுத்தாத பாதியின் 8, 9, 10, 11 பின்களையும், 40106-இல் மிஞ்சும் 3, 5, 9, 11, 13 பின்களையும் கிரவுண்டில் கட்டிவிடு.

இப்போது பையனுக்கு. ஈஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் ஹெச்சி, 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் 'ஒன்று' என்று ஒப்புக்கொள்ளும். மேசையில் ஓடும், வெயிலில் தகராறு செய்யும். ஹெச்சிடிக்கு 2 வோல்ட் போதும், ஆனால் அதன் 5 வோல்ட் அவுட்புட்டைத் திரும்ப ஈஎஸ்பி32-இல் கொடுத்தால் அந்தப் பின் போய்விடும். வழி சுலபம்: 74ஹெச்சி74-ஐயே 3.3 வோல்ட்டில் ஓட்டச் சொல். லெவல் மாற்றும் வேலையே இல்லை.

கடையில் வெறுமனே '7474' என்று கேட்டால் எல்எஸ் கையில் வரும், எழுத்தைப் பார்த்து வாங்கட்டும். லேபில் எல்எஸ்-இன் பிரஸெட், கிளியர் (4013-இன் செட், ரீசெட் போல) பின்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். டிடிஎல்லில் (எல்எஸ் சேர்ந்த சிப் குடும்பம்) தொங்கும் பின் 'ஒன்று' போல நடந்துகொள்வதால் வேலை நடந்துவிடும். அதே சாக்கெட்டில் ஹெச்சியைச் செருகினால், கையை அருகில் கொண்டுபோனாலே கவுண்ட் தாறுமாறாக ஓடும். 1, 4, 10, 13 பின்களை சப்ளையில் கட்ட வேண்டும். 4013-இல் இதற்கு நேர் எதிர்: அங்கே செட், ரீசெட் இரண்டும் மேலேறினால்தான் வேலை செய்யும் என்பதால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பின் வரிசையும் வேறு. 7474-இல் 5-ஆம் பின் க்யூ, 4013-இல் அதே பின் டி. ஒன்றுக்குப் பதில் மற்றதைச் செருகுவது நடக்காத காரியம்.

ஜேகே (ஜே, கே என்று இரண்டு இன்புட் உள்ள) ஃபிளிப்-ஃபிளாப் பற்றிக் கேட்டிருந்தாய். பாடத்திட்டத்தில் 7476 இருப்பதால் ரெக்கார்டுக்கு ஒன்று வாங்கட்டும். ஆனால் அதில் சப்ளை 5-ஆம் பின், கிரவுண்ட் 13-ஆம் பின், மூலையில் இல்லை. பழக்கதோஷத்தில் மூலையில் கொடுத்துத்தான் பாதிப் பேர் சுடவைப்பார்கள். எல்எஸ் எழுத்தில்லாத பழைய 7476 கிளாக் மேலே இருக்கும் நேரம் முழுவதும் ஜே, கே பின்களைக் கவனித்துக்கொண்டே இருக்கும், நடுவில் வரும் ஒரு சின்ன நாய்ஸைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொந்த ப்ராஜெக்ட்டுக்கு டி போதும்.

எட்டு பிட் சேர்த்துப் பிடிக்க வேண்டுமானால் நான்கு 7474 அடுக்காமல் ஒரு 74ஹெச்சி273 அல்லது 574 (ஒரே சிப்பில் எட்டு டி ஃபிளிப்-ஃபிளாப்). 373-ஐ எடுத்துவிட வேண்டாம், அது லாட்ச். எனேபிள் மேலே இருக்கும்வரை உள்ளே வருவது அப்படியே வெளியே போய்க்கொண்டிருக்கும்.

இன்னொன்று: வெளியிலிருந்து, கிளாக்குக்குச் சம்பந்தமில்லாமல் வரும் சிக்னலை நேரே கவுண்டர் லாஜிக்கில் விடாமல், ஒரே கிளாக்கில் ஓடும் இரண்டு டி-க்கள் வழியாக வரிசையாக அனுப்பச் சொல். கிளாக் விளிம்பும் டேட்டாவும் ஒரே நொடியில் மோதினால் முதல் ஃபிளிப்-ஃபிளாப் கொஞ்சம் தடுமாறும். இரண்டாவது பார்ப்பதற்குள் பெரும்பாலும் ஒரு முடிவுக்கு வந்திருக்கும். ஒரு 74ஹெச்சி74-இல் இருக்கும் இரண்டு பாதியும் இதற்கே சரியாகப் போகும், ஆகவே கணக்கைவிட ஒன்று கூடுதலாக வாங்கு.

ரிலே எத்தனை ஓம் காயில் என்று எழுது. 400 ஓமுக்குக் கீழே இருந்தால் பிசி547-க்குப் பதில் வேறு டிரான்சிஸ்டர் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி