பாட்டிலுக்குப் பணம் இருக்கிறது, வண்டலுக்கு?

இயற்கை விவசாயத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடிக்கும் கல்லலுக்கும் நடுவே கண்மாய்ப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வைத்திருப்பவன் எழுதுகிறேன். செட்டிநாடு என்றதும் உங்களுக்குத் தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையும் ஞாபகம் வரும். அந்த வீடுகளைத் தாண்டினால் செம்மண், அதற்கடியில் செம்புறாங்கல். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் மாட்டுக்கு வைக்கோல் மட்டும் மிஞ்சும்.

மூன்று வருடம் முன்பு எங்கள் ஊரில் இயற்கை விவசாயக் குழு அமைத்தார்கள். சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் எல்லாம் கொடுத்தோம். ஒரு நாள் பயிற்சி, மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ. பிறகு பட்டியலில் இருந்த சாமான்கள் வந்தன: திரவ உயிர் உரப் பாட்டில், வேப்பம் புண்ணாக்கு, பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதை. தக்கைப்பூண்டு வந்து இறங்கியது புரட்டாசியில்! கோடை மழைக்கு விதைத்து, பூவெடுக்கிற நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் மடக்கி உழ வேண்டிய பயிர் அது. நாங்களோ ஆவணிக் கடைசியிலேயே புழுதியில் நெல் விதைத்துவிட்டோம். முளைத்து நிற்கிற நெல்லுக்குள் அதை எங்கே கொண்டுபோய் விதைப்பது? என் வீட்டுப் பரணில் ஒரு மூட்டை இன்னும் கிடக்கிறது, எலிக்குத்தான் திட்டப் பயன்.

இத்தனைக்கும் எங்கள் குழுவுக்குப் பயிர் ஆலோசகராக வந்த பெண் கெட்டிக்காரர். வயலில் இறங்கி, ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பார்த்தார். உருளவில்லை. "அண்ணே, இந்த மண்ணு தண்ணியையும் பிடிக்காது, உரத்தையும் பிடிக்காது. பாட்டில் ஊத்துறதுக்கு முன்னாடி கம்மாய் வண்டல் அடிங்க" என்றார். என் தாத்தா வண்டி கட்டிச் செய்த வேலை அது. வண்டல் எடுக்க 2024 முதல் தாசில்தாரே அனுமதி தரலாம், மண்ணுக்குக் காசும் இல்லை. ஆனால் டிராக்டர் வாடகை யார் தருவது? பாட்டிலுக்கு ஒதுக்கியதில் பாதியை வாடகைக்குத் திருப்ப முடியுமா என்று அவரிடமே கேட்டேன். "அது என் கையில இல்லண்ணே" என்றார். பட்டியல் எங்கேயோ முடிவாகி வந்திருந்தது. மண்ணைப் பார்த்தவருக்கு அதில் ஒரு வரி மாற்ற அதிகாரமில்லை.

இதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன். 2024 நவம்பரில் ஒப்புதலான தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு 2,481 கோடி ரூபாய். 15,000 விவசாயத் தொகுப்புகள், தொகுப்புக்கு இரண்டு கிருஷி சகிகள், அதாவது விவசாயிகளுக்குச் சொல்லித்தரும் உள்ளூர்ப் பெண்கள். விவசாயிக்கு ஏக்கருக்கு வருடம் 4,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு. சொல்லித்தர ஆள் வேண்டும் என்று ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்தான். ஆனால் யூரியாவை நிறுத்தினால் முதல் சில போகம் விளைச்சல் இறங்கும். முப்போகம் விளைகிற ஊருக்கு அது ஒரு வருடத்துச் சோதனை. எங்களுக்கு வருடத்துக்கு ஒரே போகம். மண் தேறி வரும்போது பணமும் நின்றுபோகும், ஆளும் வரமாட்டார்.

ஆள் வராத நாளில் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். இலைச்சுருட்டுப் புழு விழுந்தால் நாலு இலையைப் பிடுங்கிக்கொண்டு உரக்கடைக்குப் போவோம். கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை, அறுவடை வரை கடன் தருகிற மனிதர். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் வேளாண் விரிவாக்கப் பயிற்சி நிறுவனமான மேனேஜ் 2003 முதல் கடைக்காரர்களுக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. படித்தவர்கள் சரியான அளவு சொல்கிறார்கள். இருந்தாலும் விற்கிறவர் வாயிலிருந்து "ஒண்ணும் அடிக்க வேண்டாம், பத்து நாள் பொறுங்க" என்ற வார்த்தை வருமா? அதைச் சொல்ல, விற்பனையில் பங்கில்லாத ஒருவர் வேண்டும். அவருக்கு வயிறும் பெட்ரோல் செலவும் உண்டு.

அமெரிக்காவில் 2002 பண்ணைச் சட்டம், அரசு வேலையில் இல்லாத ஆலோசகர்களையும் பதிவு செய்து, மண், நீர் பாதுகாப்புத் திட்ட நிதியிலிருந்தே கூலி தர வழி செய்தது. அவர்கள் பண்ணை எங்கே, நம் மூன்று ஏக்கர் எங்கே என்பீர்கள். சரிதான். துண்டு துண்டாகக் கிடப்பதால்தான் வயலுக்கு வயல் நடக்க ஆள் வேண்டும்.

ஆகவே ஆலோசகரின் வயல் வருகைக்குத் திட்ட மதிப்பீட்டில் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். உள்ளூர் மண்ணுக்கு ஏற்பப் பட்டியலில் ஒரு பங்கையாவது மாற்றும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். செட்டிநாட்டிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பட்டியல் எழுதுமுன் அவர்களையும் எங்கள் ஆலோசகரையும் ஒரு மேசையில் உட்கார வையுங்கள். முடிந்தால் கண்மாய்க் கரையிலேயே.

வைகாசியில் கண்மாய் வற்றிக் கிடக்கும். அப்போது வந்தால் மடை ஓரம் வண்டல் எத்தனை அடி என்று கம்பு ஊன்றிக் காட்டுகிறேன். வரும்போது அந்தத் தக்கைப்பூண்டு மூட்டையையும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கல்லல் பக்கத்துக் கண்மாய்ப் பாசன விவசாயி