பவுண்டா, புது நாணயமா: கிளாஸ்கோ நண்பனுக்கு

கீழக்கரை

அன்புள்ள நண்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் வந்தபோது இங்கே கச்சான் காற்று தொடங்கியிருந்தது. வீட்டில் எல்லோரும் நலம். இரண்டாவது வாக்கெடுப்பு வந்து ஸ்காட்லாந்து பிரிட்டனிலிருந்து பிரிந்தால் எந்த நாணயம் நல்லது என்று கேட்டிருந்தாய். நான் வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் கேட்டிருப்பாய். எனக்கோ முதலில் என் வாப்பாதான் நினைவுக்கு வந்தார்.

1966-இல் வாப்பா துபாயில் ஒரு துணிக்கடையில் இருந்தார். அப்போது அங்கே புழங்கியது நம் ரிசர்வ் வங்கி அச்சடித்த கல்ஃப் ரூபாய். தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, 1959-இல் வளைகுடாவுக்கென வேறு நிறத்தில் வெளியிட்ட நோட்டு அது. மதிப்பு மட்டும் நம் ரூபாய்க்குச் சமம். 1966 ஜூன் 6-ஆம் தேதி டில்லி ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ரூபாயாயிற்று. நம் நாட்டின் நெருக்கடியைத் தீர்க்க எடுத்த அந்த முடிவு, கடல் கடந்து அந்த நோட்டை வைத்திருந்த துபாயையும் கத்தாரையும் சேர்த்தே அடித்தது. அவை சவூதி ரியாலைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டு, அதே ஆண்டில் தமக்கென ஒரு ரியாலை வெளியிட்டன. 1961-லேயே தினாருக்கு மாறிவிட்ட குவைத்துக்கு அந்தத் தவிப்பு இல்லை. கையிலுள்ள நோட்டு நாளைக்கு என்ன பெறும் என்று தெரியாமல் கடைத்தெருவில் நின்ற நாட்களை வாப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே, ஒப்பந்தம் ஏதுமின்றிப் பவுண்டையே வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பனாமாவும் எக்வடோரும் டாலரை அப்படித்தான் வைத்திருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ பெரிய வங்கிகளின் ஊர். 2008 நெருக்கடியில் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைக் காப்பாற்றப் பிரிட்டன் அரசு சுமார் 4,500 கோடி பவுண்டு கொட்டியது. மக்கள் வைப்புப் பணத்தைத் திரும்பக் கேட்டு வரிசையில் நிற்கும் காலையில், பவுண்டை அச்சடிக்கும் உரிமை இல்லாத அரசு அதை எங்கிருந்து கொண்டுவரும்?

லண்டனோடு நாணயத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழியை 2014-இல் நடந்த முதல் வாக்கெடுப்புக்கு முன்பே அன்றைய பிரிட்டன் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் மறுத்துவிட்டார். அது கிடைத்தாலும் நிலைக்குமா என்பது ஐயமே. 1993 ஜனவரி 1-ஆம் தேதி பிரிந்த செக் நாடும் ஸ்லோவாக்கியாவும் ஒரே நாணயத்தோடுதான் தொடங்கின. ஸ்லோவாக்கியர்கள் தங்கள் பணத்தைச் செக் வங்கிகளுக்கு மாற்றத் தொடங்கவே, பிப்ரவரி 8-ஆம் தேதி அந்த ஏற்பாடு முடிந்து, பழைய நோட்டுகளில் முத்திரை வில்லை ஒட்டிப் பிரித்தார்கள்.

எனவே என் மனம் சொந்த நாணயத்தின் பக்கமே சாய்கிறது. அயர்லாந்து 1928-இல் தனி நோட்டு வெளியிட்டும் 1979 வரை பவுண்டுக்குச் சமமாகவே அதைக் கட்டிவைத்திருந்தது. அதனால் வட்டி விகிதத்தில் லண்டனை ஒட்டியே நடக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் கட்டை அவிழ்க்கும் நாளைக் குறிக்கும் உரிமை டப்ளினிடம் இருந்தது. துபாய்க்கு 1966-இல் இல்லாதது அதுதான்.

எனக்குள்ள கவலை உன் வீட்டுக் கடனைப் பற்றியது. உன் சம்பளம் புது ஸ்காட்டிஷ் பவுண்டுக்கு மாறி, கடன் மட்டும் பழைய பவுண்டிலேயே நின்றுவிட்டால், புது நாணயம் சரியும் ஒவ்வொரு முறையும் உன் தவணை கூடும். எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தம் எழுதப்பட்டது என்பது அப்போது பெரிய கேள்வியாகிவிடும். கடன் பத்திரத்தை எடுத்து, அந்த வரியை மட்டும் அப்படியே நகலெடுத்து எனக்கு அனுப்பு.

உன் தோழன்