கூட்டுப்புள்ளி சொல்லாத சங்கதி

ஆசிரியர் அவர்களுக்கு,

கணினிப் பட்டதாரிகளுக்கு வேலை கிடைப்பதில்லை என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். வேலை கொடுக்கும் பக்கத்தில் இருப்பவன் நான். திருகோணமலையில் நாலு பேரை வைத்துக் கடைகளுக்குப் பில் போடும் செய்நிரல் (புரோகிராம்) எழுதிக் கொடுக்கிறேன். ஒருவருக்குப் பிழை தேடத் தெரியுமா என்பதைப் பட்டத்தின் புள்ளி சொல்வதில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

போன வருடம் இரண்டு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். ஒரு தங்கச்சி, பட்டத்தில் முதலாம் வகுப்பு. ஒரு தம்பி, மூதூர், வெறும் சாதாரண சித்தி (பாஸ்) தான். இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தேன். திருக்கடலூரில் மீன் வாங்கி விற்கும் முதலாளி ஒருவருக்கு நாள் முடிவில் காசு குறைகிறது. ஏன் என்று பார்க்க வேண்டும். விஷயம் இதுதான்: 12.75 கிலோ அறுக்குளாவைச் செய்நிரல் 12 கிலோ என்று எடுத்துப் பெருக்கிக்கொண்டிருந்தது. நிறையை முழுவெண்ணாக அறிவித்த ஒரு வரி. (எழுதியவன் நான்தான், அது வேறு கதை.)

தரவு அட்டவணையில் ஒரே விபரம் திரும்பத் திரும்ப வராமல் பிரித்து வைக்கும் நோர்மலைசேஷன் படிகள் மூன்றையும் தங்கச்சி பிசகில்லாமல் சொல்லக் கூடியவர். ஆனால் பிழையை எங்கிருந்து தேடத் தொடங்குவது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. மத்தியானம் வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சேர், இப்பிடி ஒரு கேள்விக்கு நான் விடை எழுதினதே இல்லை" என்றார். தம்பியோ பழைய பில் ஒன்றை மேசையில் விரித்து, பேனையால் வரி வரியாகக் கணக்குப் போட்டு, தேத்தண்ணி ஆறுவதற்குள் இடத்தைக் காட்டிவிட்டார்.

தங்கச்சி சொன்னது சாட்டில்லை. அவருடைய மாணவர் கைந்நூலை வாங்கிப் பார்த்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். கற்றற்பேறுகள், அதாவது படித்து முடித்தவருக்கு என்னென்ன கைவர வேண்டும் என்பவை, அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. செய்நிரலைச் சோதித்துப் பிழை திருத்தும் ஆற்றலும் அவற்றில் ஒன்று. பிறகு பழைய வினாத்தாள்களைப் புரட்டினேன். ஐந்து வினாவில் நாலுக்கு எழுதினால் போதும். செய்நிரலைத் தந்து பிழை கேட்கும் வினா ஒன்றே ஒன்றுதான், அநேகமாக ஐந்தாவது. அதை விட்டுவிட்டு மற்றதைப் பாடமாக்கச் சொல்லித்தான் சீனியர்மார் குப்பியில் (பரீட்சைக்கு முன் மாணவர்களே கூடிப் படிக்கும் வகுப்பில்) சொல்லிக் கொடுப்பார்களாம். அப்படியானால் அந்தப் பேற்றை ஒரு தரமும் அளக்காமலே ஒருவருக்கு முதலாம் வகுப்புக் கொடுக்கலாம். கூட்டிய புள்ளி 75 என்றால் 75தான். அதில் எது கைவந்தது, எது வரவில்லை என்று அந்தக் கூட்டல் சொல்லாது.

இன்னொரு வேடிக்கை. கடைசி செமஸ்டரில் ஒரு படிவம் கொடுப்பார்களாம். இந்தத் திறன் உமக்கு வந்ததா, 1 முதல் 5 வரை கோடிடவும். உப்புவெளிக் கடற்கரையில் நிறுத்தி வைத்து, நீந்தத் தெரியுமா என்று கேட்டுச் சான்றிதழ் எழுதுகிற மாதிரி.

இது எங்கள் நாட்டு வியாதி மட்டுமில்லை. 2001 இல் மைக்கல் மக்கிராக்கன் தலைமையிலான ஆய்வுக்குழு, நான்கு பல்கலைக்கழகங்களில் செய்நிரலாக்கப் பாடம் படித்து முடித்த 216 மாணவர்களைச் சிறிய கல்குலேற்றர் ஒன்றுக்குச் செய்நிரல் எழுத விட்டது. 110க்குச் சராசரி 22.89. 2004 இல் ரேமண்ட் லிஸ்டர் குழு ஏழு நாட்டு மாணவர்களைப் பார்த்தபோது, பலருக்கு ஏற்கனவே எழுதியிருக்கும் சிறு செய்நிரலை வரி வரியாக வாசித்து விடை சொல்வதே தடுமாற்றமாக இருந்தது. மூதூர்த் தம்பி பேனையால் செய்தது அதைத்தான். அதற்கு அவருடைய பெறுபேற்றுத் தாளில் ஒரு இடமும் இல்லை.

வீட்டில் செய்துவரும் ஒப்படையை நம்பியும் பயனில்லை. சாட்ஜிபிடி வந்தபின் அதில் யாருடைய மூளை இருக்கிறது என்று யார் கண்டார்? வழி ஒன்றுதான் தெரிகிறது. வேண்டுமென்றே பிழை வைத்த செய்நிரலைக் கையில் கொடுத்து, ஆளுக்குப் பத்து நிமிடம் முன்னால் இருத்தித் தேட விடுங்கள். தேடும்போது வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிழை அகப்படாவிட்டாலும் தேடுகிற விதத்துக்குப் புள்ளி போடலாம். அந்தப் புள்ளியை மற்றதோடு கூட்டாமல் தனியே எழுதி வையுங்கள். பாதிப்பேர் அதில் தவறினால் அடுத்த அணிக்கு எதைத் திருத்திப் படிப்பிக்க வேண்டும் என்பது விரிவுரையாளருக்கே தெரிந்துவிடும்.

நூறு மாணவருக்கு எப்படி என்று கேட்பார்கள். ஆயிரம் நிமிடம், அதாவது 16 மணித்தியாலமும் 40 நிமிடமும். விரிவுரையாளர் பற்றாக்குறை இருப்பது உண்மைதான், இரண்டு பேர் பிரித்தாலும் ஆளுக்கு ஒரு நாளுக்கு மேல் போகும். ஆனால் பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி சிறப்புப் பட்டத்துக்கு 120 திறமைப் புள்ளி (கிரெடிட்) வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம் வைத்தால் ஒரு மாணவர் 6000 மணித்தியாலம் கற்கிறார். அதில் பத்து நிமிடம் கேட்கிறேன்.

தங்கச்சி இப்போதும் எங்களோடுதான். பிழை தேடப் பழக மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதமும் மீன் முதலாளியின் பழைய பில்களைத்தான் பேனையால் பார்த்தார்.

இப்படிக்கு,
செய்நிரல் எழுதும் வாசகன்,
உவர்மலை, திருகோணமலை.