வெயிலில் நிற்கும் பிள்ளையா என்று முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்குகிறது. இங்கே சிங்கப்பூரில் தேக்கா பக்கம் போனால் சில அழகு நிலையங்களின் வாசலில் முகப்பருவுக்குக் கெமிக்கல் பீல் (அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிக்கும் சிகிச்சை) என்று தட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மகனின் கன்னம்தான் கண்ணில் நிற்கிறது.

அவனுக்கு 19 வயது, தேசிய சேவையில், ராணுவ முகாமில் இருக்கிறான். முகத்தில் பூசும் கேமோ சாயம் (உருமறைப்புச் சாயம்), வியர்வை, ஹெல்மெட் வார் எல்லாம் சேர்ந்து தாடை ஓரம் முழுக்கப் பரு. பலதுறை மருந்தகத்தில் அடாபலீன் களிம்பு கொடுத்து, பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒரு சனிக்கிழமை முகாமிலிருந்து புக் அவுட் ஆகி விடுப்பில் வந்தவன், என்னிடம் சொல்லாமல் கடைத்தொகுதி ஒன்றில் இருந்த அழகு நிலையத்துக்குப் போய்விட்டான். 6 முறைக்கு 480 வெள்ளி. கிளைக்காலிக் அமிலம் பூசினார்களாம். வீட்டில் என்ன களிம்பு பூசுகிறாய் என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை எங்கே இருப்பாய் என்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவனுக்கு வெளிப்பயிற்சி.

அடுத்த வாரம் வந்தபோது இரண்டு கன்னத்திலும் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து, அடியில் செக்கச்செவேல் என்று இருந்தது. என் மாமியார் மஞ்சள் அரைத்து எடுத்து வந்தார். வேண்டாம் அத்தை என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். சிவப்பு வடிந்த இடமெல்லாம் கருத்துப் போனது. அந்தக் கருமை மங்க ஐந்து மாதம் பிடித்தது. அதுவரை அவன் எந்தக் கல்யாணத்துக்கும் எங்களோடு வரவில்லை.

தோல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அடாபலீன் பூசும் தோல் ஏற்கெனவே எரிச்சலுக்கு ஆளாகியிருக்கும். அதன்மேல் அமிலம் பட்டால் நினைத்ததைவிட ஆழமாக இறங்கிவிடும். அதனால் பீலுக்குச் சில நாள் முன்பே களிம்பை நிறுத்த வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத் தோல், புண்பட்டால் நிறமியைக் கூடுதலாகச் சுரக்கும். அதோடு நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அவர் பீலே கூடாது என்று சொல்லவில்லை. கருமை மங்கிய பிறகு, வெளிப்பயிற்சி இல்லாத வாரமாகப் பார்த்து, சாலிசிலிக் அமிலத்தைக் குறைந்த செறிவில் அவரே பூசினார். நான் பக்கத்திலேயே இருந்தேன். சில நிமிடங்களில் முகம் திருநீறு பூசியதுபோல் வெளுத்தது. பயந்துவிட்டேன். அது அமிலம் காய்ந்து படிந்த பொடிதான், கழுவினால் போய்விடும் என்றார். இந்த அமிலம் எண்ணெயில் கரைவதால், பரு கிளம்பும் துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்குமாம். மூன்று முறைக்குப் பிறகு பரு நன்றாகவே குறைந்திருக்கிறது. களிம்பும் சன்ஸ்கிரீனும் தொடர்கின்றன. பீல் மருந்துக்குத் துணைதான், மருந்துக்குப் பதில் இல்லை என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பெற்றோர்களே, பிள்ளை பருவைப் பற்றிப் பேச்செடுத்தால் 'வயசுக்கோளாறு, தானாகப் போகும்' என்று தட்டிக் கழிக்காதீர்கள். நான் அப்படிச் சொன்னதால்தான் அவன் என்னிடம் சொல்லாமல் போனான். அழகு நிலையம் நடத்தும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பணம் வாங்குவதற்கு முன், என்ன மருந்து பூசுகிறீர்கள், இந்த வாரம் வெயிலில் வேலை உண்டா என்ற இரண்டு கேள்வியையும் தமிழில் எழுதி முகப்பிலேயே ஒட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், ஈசூன்