டர்பனிலிருந்து ஒரு புகார்: விலை முழுசு, ஏர்பேக் இரண்டு

அனுப்புநர்:
உங்கள் செடான் ஒன்றின் உரிமையாளர்,
மெரேபேங்க், டர்பன்,
தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி,
ஏற்றுமதிப் பிரிவு,
சென்னை.

நாள்: 19 ஆகஸ்ட் 2024

பொருள்: தென்னாப்பிரிக்காவில் நீங்கள் விற்கும் செடானின் விலையும், அந்த விலைக்குள் வராமல் போனவையும்.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தை ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் உங்கள் விநியோக அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். கருத்துக்கு நன்றி, இந்த நாட்டின் வரிகளால்தான் விலை கூடுகிறது, காரின் அம்சங்கள் சந்தையின் தேவைக்கேற்ப முடிவு செய்யப்படுகின்றன என்று நாலு வரியில் பதில் வந்தது. எந்த நாட்டுக்குப் போகும் காரில் எதைப் பூட்டுவது, எதை விடுவது என்பதை முடிவு செய்வது சென்னைதான் என்று எனக்குக் கார் விற்றவரே சொன்னார். அதனால் நேரே உங்களுக்கு எழுதுகிறேன். தமிழில் எழுதினால் அங்கே படிக்க ஆள் இருக்கும் என்ற தைரியத்தில் தமிழிலேயே எழுதுகிறேன்.

கடந்த ஜூனில், டர்பன் தெற்கில் உள்ள உங்கள் ஷோரூமில் 1.5 லிட்டர் பெட்ரோல் செடான் வாங்கினேன். மூன்று வகைகளில் நடுவில் உள்ளது. பட்டியல் விலை 349,900 ராண்ட். கார் மோசம் என்று சொல்ல வரவில்லை. டிக்கி பெரியது, ஏசி இங்கே கோடையான ஜனவரியின் புழுக்கத்தையும் தாங்கும் போலிருக்கிறது, கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில் உள்ள வான் ரீனென்ஸ் கணவாயில் ஏறும்போது இழுவை குறைகிறதுதான். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் அந்த உயரத்தில் ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். அது காற்றின் வேலை, உங்கள் மேல் போட மாட்டேன்.

என் புகார் வேறு. என் அக்கா மகன் தாம்பரத்தில் இருக்கிறான். அவனும் இந்த ஆண்டு இதே காரை வாங்கினான். அதே பெயர், அதே எஞ்சின், அதே நிறம்கூட. வீடியோ காலில் காரைச் சுற்றிக் காட்டும்போது, முன் சீட்டின் வெளிப்பக்கத் தையலில் ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணிப்பட்டை ஒன்று கண்ணில் பட்டது. கதவுக்கு நடுவில் உள்ள தூணின் உச்சியிலும் அதே எழுத்து அச்சாகியிருந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போய் என் காரைப் பார்த்தேன். சீட்டில் பட்டை இல்லை. தூணில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று பிளாஸ்டிக். அவனுடையது இருப்பதிலேயே விலை குறைந்த வகை, அதில் ஆறு ஏர்பேக். என்னுடையது நடு வகை, இதில் முன்னால் இரண்டு, அவ்வளவுதான். சந்தையின் தேவை என்றீர்கள். என் விலா எலும்பும் அவன் விலா எலும்பும் ஒரே குடும்பத்து எலும்புதான், தேவை எப்படி மாறும் என்று புரியவில்லை.

இங்கே ஆறு ஏர்பேக் வேண்டுமென்றால் உச்ச வகைக்குத்தான் போக வேண்டும். அது 421,900 ராண்ட். அந்த 72,000 ராண்ட் வித்தியாசத்துக்கு மேலே திறக்கும் கண்ணாடிக் கூரை, தோல் மாதிரி இருக்கும் சீட் உறை, பெரிய திரை, பளபள அலாய் சக்கரம் எல்லாம் வருகின்றன. கூரை வேண்டாம், திரை வேண்டாம், பக்க ஏர்பேக்கை மட்டும் போட்டுக் கொடுங்கள், அதற்கான காசைத் தருகிறேன் என்று கேட்டேன். அப்படித் தனியாக வராது என்றார் விற்பனையாளர். உப்பு வேண்டுமா, பாயசத்தையும் சேர்த்து வாங்கு என்று இலையில் போடுகிறவர் சொன்ன மாதிரி இருந்தது.

இந்த ஊர்ச் சாலைகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். துறைமுகத்துக்குப் போகும் கனரக லாரிகள் எல்லாம் என்3 நெடுஞ்சாலையிலும், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சாலைகளிலும்தான் ஓடுகின்றன. சந்திப்புகளில் சிவப்பு விளக்கைச் சட்டை செய்யாமல் குறுக்கே வரும் மினிபஸ் டாக்சியிடம் தப்பாத டர்பன்காரர் குறைவு. பக்கவாட்டில் மோதினால் முன் ஏர்பேக் எதற்கு?

விளம்பரத் தாளில் மோதல் பாதுகாப்புச் சோதனையின் நட்சத்திரக் குறி ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். அதன் அடியில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், சோதிக்கப்பட்டது ஆறு ஏர்பேக் உள்ள இந்திய வகை என்று இருக்கிறது. கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் தரும் அமைப்பான குளோபல் என்கேப் 2022 ஜூலை முதல் தன் விதிகளைக் கடுமையாக்கியது. பக்கவாட்டு மோதலும் மதிப்பெண்ணில் சேர்ந்தது. ஐந்து நட்சத்திரம் வேண்டுமானால் கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் சோதனையிலும் தேற வேண்டும், தலையைக் காக்கும் ஏர்பேக் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அது இல்லாத காரின் விளம்பரத்தில் அந்த நட்சத்திரத்துக்கு என்ன வேலை? இதே அமைப்பு இங்குள்ள ஆட்டோமொபைல் சங்கத்தோடு சேர்ந்து 2017 முதல் ஆப்பிரிக்காவில் விற்கும் கார்களை மோதிப் பார்த்து முடிவை வெளியிடுகிறது. ஆகவே இங்கே விற்கும் வகையைச் சோதனைக்குக் கொடுக்க வழி இல்லை என்றும் நீங்கள் சொல்ல முடியாது.

சரி, வரிக்கு வருகிறேன். வரி அதிகம் என்பது உண்மை. இந்தியாவிலிருந்து வரும் காருக்கு 25% இறக்குமதி வரி. ஐரோப்பாவிலிருந்து வந்தால் 18%. அதன்மேல் விலை ஏற ஏற வீதமும் ஏறும் மதிப்புசார் கலால் வரி, அதன் உச்சம் 30%. அப்புறம் 2010 செப்டம்பரிலிருந்து கார்பன் உமிழ்வு வரி. கிலோமீட்டருக்கு 95 கிராமுக்கு மேல் போகும் ஒவ்வொரு கிராமுக்கும் இந்த ஏப்ரலிலிருந்து 146 ராண்ட். உங்கள் தாளில் 134 கிராம் என்று போட்டிருக்கிறது, ஆக அந்த வகையில் சுமார் 5,700 ராண்ட். கடைசியில் 15% வாட். 349,900-இல் வாட் மட்டுமே 45,600 ராண்டைத் தாண்டும். கப்பல் கூலியும் உண்டு. எல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அங்கே மட்டும் வரி இல்லையா? நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் 1,500 சிசிக்கு உட்பட்ட எஞ்சினும் உள்ள செடானுக்கு இந்த 2024-இல் இந்தியாவில் 28% ஜிஎஸ்டி, அதன்மேல் 17% இழப்பீட்டு மேல்வரி. மொத்தம் 45%. என் அக்கா மகன் அதைக் கட்டித்தான் வாங்கினான். எனக்கு அனுப்பிய கார் ஏற்றுமதி என்பதால் அந்த 45%-ஐச் சுமக்காமலேயே கப்பலேறியது. இந்த நாட்டு வரிகள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே முடியும், அதனால் விலை கூடட்டும், பரவாயில்லை. வரி விலையைக் கூட்டும், ஏர்பேக்கைக் கழற்றாது. கழற்றியது உங்கள் ஆலை. கேட்டது அந்தக் கேள்வி, வந்தது வரியைப் பற்றிய பதில்.

நேர்மையான விலை என்றால் என்ன என்று இந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. என் மாமனார் பல வருஷம் சிட்டி கோல்ஃப் ஓட்டியவர். அது ஃபோக்ஸ்வாகனின் முதல் தலைமுறை கோல்ஃப் கார். உலகம் அதை விட்டுப் போன பிறகும் 1984 முதல் 2009 வரை இங்கே அந்தப் பெயரில் விற்றார்கள். பழைய உடம்பு, குறைந்த விலை, யாரும் அதைப் புதுசு என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பிராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில் செய்த கரோலா குவெஸ்ட் 2014-இல் வந்ததும் அப்படித்தான். போன தலைமுறைக் கரோலா, அதற்கேற்ற விலை. வாங்குகிறவருக்கு எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரியும். நீங்கள் விற்றது புதுத் தலைமுறைப் பெயரும் புதுத் தலைமுறை விலையும் உள்ள கார், உள்ளே மட்டும் சிலது இல்லை.

என் கணக்கைக் கேட்டால், ஆறு ஏர்பேக்கோடு 349,900 என்றால் நியாயம், நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். இரண்டோடு என்றால் இது 315,000 பெறும், அதற்கு மேல் ஒரு ராண்டும் பெறாது.

பட்டியல் விலையோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. பில்லில் சாலைக்குக் கொண்டுவரும் கட்டணம் என்று 11,850 ராண்ட் ஒரே வரியில் இருந்தது. பிரித்துக் காட்டுங்கள் என்று நின்ற பிறகுதான் ஒரு தாள் வந்தது. பதிவு, உரிமம், நம்பர் பிளேட், இவை சரி. அடுத்து மைக்ரோடாட் 1,995 ராண்ட். திருட்டுக் காரை அடையாளம் காண வண்டி முழுக்கத் தெளிக்கும் அந்தப் பொடிப் புள்ளிகள் 2012 செப்டம்பர் 1 முதல் முதன்முறை பதிவாகும் ஒவ்வொரு காருக்கும் சட்டப்படி கட்டாயம். அது இல்லாமல் விற்கவே கூடாத ஒன்றுக்குத் தனிக் கட்டணம் எப்படி வரும்? ஸ்டியரிங்குக்கும் நாளைக்குத் தனியாக வாங்குவீர்களா? பிறகு கண்ணாடி உடைத்துத் திருடுவதைத் தடுக்கும் ஃபிலிம், 2,400. நான் கேட்கவில்லை, நான் பார்க்க வருவதற்கு முன்பே ஒட்டியிருந்தது. கடைசியாகக் கையாளும் கட்டணம், 3,500. யார் எதைக் கையாண்டார் என்று கேட்டேன், அந்த இளைஞர் சிரித்தார்.

சர்வீஸ் திட்டமும் விலைக்குள் அடக்கம் என்றார்கள். இங்குள்ள போட்டி ஆணையம் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளின்படி, அந்தத் திட்டத்தின் விலையைக் காரின் விலையிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் வாங்குகிறவருக்கு உண்டு. என் பில்லில் அப்படி ஒரு வரி கிடையாது.

அப்புறம் தவணை. உங்கள் ஷோரூம் வாசலில் தொங்கும் பதாகையில் காரின் விலை எங்கேயும் இல்லை, மாதம் இத்தனை ராண்ட் என்று மட்டும் ஆளுயர எழுத்து. நான் வாங்கிய சமயம் பிரைம் வட்டி, அதாவது இங்குள்ள வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி, 11.75%. முன்பணம் இல்லாமல் 72 மாதம் என்றால் தவணை சுமார் 6,795. இல்லை சார், விலையில் 30%-ஐ பலூனாக, அதாவது கடைசியில் மொத்தமாகக் கட்டும் தொகையாக, வைத்துக்கொள்ளுங்கள், 5,785-க்கு இறங்கும் என்றார்கள். மாதம் ஆயிரம் மிச்சம் என்று தோன்றும். ஆறு வருஷம் கழித்து 104,970 ராண்டை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும், கூட்டிப் பார்த்தால் மொத்தச் செலவு 32,000 ராண்டுக்கு மேல் கூடும். நான் பலூனை எடுக்கவில்லை. ஆனால் எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், முதல் வேலை, முதல் கார் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அதில்தான் கையெழுத்துப் போட்டார். அவரிடம் யாரும் மொத்தத் தொகையை வாய்விட்டுச் சொன்னதை நான் கேட்கவில்லை. காரின் விலை நியாயமா என்று வாங்குகிறவர் யோசிக்கவே கூடாது என்பதற்காக எழுதிய பதாகை அது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். மைக்ரோடாட், ஃபிலிம், கையாளும் கட்டணம் மூன்றும் சேர்ந்த 7,895 ராண்டை ஷோரூம் எனக்குத் திருப்பித் தர வேண்டும். சர்வீஸ் திட்டத்தின் விலையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன். இரண்டு ஏர்பேக் உள்ள வகையின் விளம்பரத்திலிருந்து அந்த நட்சத்திரக் குறியை எடுக்க வேண்டும், ஏர்பேக் எத்தனை என்பதை விலைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போட வேண்டும். அடுத்த கப்பலில் வரும் கார்களிலாவது ஆறையும் எல்லா வகையிலும் பூட்டி அனுப்புங்கள். உங்கள் ஆலையில் அந்தச் சீட்டும் தூணும் ஏற்கெனவே தயாராகின்றன, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. என் காரில் இப்போது அவற்றைப் பூட்ட முடியாது என்று தெரியும். அதற்கு ஈடாக விலையில் என்ன குறைப்பீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள், கேட்கிறேன்.

முப்பது நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டாலோ, மறுபடியும் வரியைப் பற்றியே பதில் வந்தாலோ, பில், பிரித்துக் காட்டிய தாள், விளம்பரத் தாள், இரண்டு கார்களின் சீட்டுப் படங்கள் எல்லாவற்றோடும் இங்குள்ள மோட்டார் தொழில்துறைக் குறைதீர்ப்பாளரிடம் போவேன். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 41-ஆம் பிரிவு, வாங்குகிறவர் தவறாகப் புரிந்துகொள்ளும்படி பொருளைக் காட்டக் கூடாது என்கிறது. குறைதீர்ப்பாளருக்குப் பிறகு தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

தயவுசெய்து போனில் கூப்பிட வேண்டாம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கூப்பிட்ட பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார், ஆனால் பேசியதில் ஒரு வரியும் காகிதத்தில் வரவில்லை. பதிலை எழுத்தில் அனுப்புங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ, உங்கள் வசதி.

இப்படிக்கு,
(கையொப்பம்)
மெரேபேங்க், டர்பன்.

இணைப்பு: பில் நகல், கட்டணம் பிரித்த தாள், விளம்பரத் தாள், படங்கள்.
நகல்: விநியோக அலுவலகம், ஜோகன்னஸ்பர்க்.