பெருக்கல் குறி போட்ட இரண்டு புங்கை மரங்கள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பி பிளாக் வாசலில் இருக்கும் இரண்டு புங்கை மரங்களிலும் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. விசாரித்தால், வளாகத்தை அழகுபடுத்தப் போகிறோம் என்கிறீர்கள். மரம் போய்ப் புல்தரை வருமாம், மதிலோரம் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரம் வரிசையாக வருமாம்.

கோனோகார்பஸ் நடத் தமிழக அரசே 2025-இல் தடை போட்டுவிட்டது. நர்சரிக்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

புல்தரைதான் என் கவலை. 1,000 சதுர அடிப் புல், சித்திரை வெயிலில் நாளொன்றுக்கு 500 லிட்டர் வரை கேட்கும். 2019 கோடையில் சென்னை முழுக்க லாரிக்குக் காத்துக் கிடந்ததே, அப்போது அரை வாளியில் குளித்தவர்கள்தானே நாம்? எஸ்டிபி தண்ணீர், அதாவது நம் வளாகத்திலேயே சுத்திகரித்த கழிவுநீர், இருக்கிறதே என்பீர்கள். சரி, அந்தச் சுத்திகரிப்பு நிலையம் வருடத்தில் எத்தனை நாள் ஒழுங்காக ஓடுகிறது என்று பராமரிப்புக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள்.

புங்கைக்கு நாம் ஒரு குடம் ஊற்றியதில்லை. இலை உதிர்ந்து மொட்டையாகும். வெயில் ஏறுவதற்குள் பளபளவென்று தளிர்த்துவிடும். இஸ்திரி வண்டி நிற்பதும் டெலிவரி பையன்கள் ஒதுங்குவதும் அதன் அடியில்தான். பூ கொட்டிக் காரைப் பாழாக்குகிறது என்பது புகார். உண்மைதான், பொரி இறைத்தது போலக் கிடக்கும். (என் காரும் அங்கேதான் நிற்கிறது.) அதற்குத் துடைப்பம் போதும், ரம்பம் எதற்கு?

2016-இல் வர்தா புயல் அடித்தபோது தெருவில் இருந்த மயில்கொன்றை வேரோடு சாய்ந்தது. இவை இரண்டும் கிளை முறிந்ததோடு சரி. அப்புறம்தான் நாம் அடிமரத்தை ஒட்டி பேவர் பிளாக் பதித்தோம். நான்கு விரல் இடைவெளிகூட இல்லை. பெய்கிற மழை அப்படியே வடிகாலுக்கு ஓடுகிறது. 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது.

மரத்தைச் சுற்றி மூன்றடிக்குக் கல்லைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிடுங்கள். துணைவிதியில் இரண்டு வரி சேருங்கள்: பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் நாட்டு மரத்தில் கைவைக்கக் கூடாது; போர்வெல் தண்ணீரோ லாரித் தண்ணீரோ புல்லுக்குப் போகக் கூடாது. மதிலோரம் பச்சை வேண்டுமென்றால் நொச்சியும் ஆடாதொடையும் வையுங்கள். வேர் பிடித்துவிட்டால் தண்ணீருக்கு ஏங்காது, ஆடும் தொடாது.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவுக்கு வருகிறேன். அதற்குள் யாராவது ஈரத்துணியால் அந்தப் பெருக்கல் குறியை அழித்துவிட்டால் நல்லது. மரம் வெட்டுகிற ஆள் வந்தால், அதைப் பார்த்துத்தான் கத்தியை வைப்பார்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர்