அப்பாவுக்குப் பின்னால் நின்ற விமானம்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

அப்பா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியில் ஒரு புகைப்படம் கிடைத்தது. பின்பக்கத்தில் 'தாம்பரம், 1963' என்று அவருடைய கையெழுத்து. மீசை சரியாக முளைக்காத அப்பா, ஒரு சின்ன விமானத்தின் இறக்கைமேல் கை வைத்தபடி நிற்கிறார். அது என்ன விமானம் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடு உங்கள் வாசலுக்கெல்லாம் வந்தேன். ஒருவர்கூட என்னை வெறுங்கையோடு அனுப்பவில்லை.

முதல் நன்றி சேலையூர் ஐயாவுக்கு. அப்பாவைப் போலவே விமான எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனவர், "எச்.டி-2தாம்மா இது, வேறென்ன!" என்றார். விமானம் ஓட்டப் பழகுபவர்களுக்கான பயிற்சி விமானமாம் அது. அதன் சிர்ரஸ் மேஜர் எஞ்சினில் நாலு சிலிண்டரும் தலைகீழாகத் தொங்குமாம். ராத்திரி முழுக்க நின்றால் எண்ணெய் மெல்லக் கசிந்து சிலிண்டருக்குள் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் காலையில் முதல் வேலை, சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுவது. எண்பது வயதைத் தாண்டியவர், நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு உள்ளங்கையையும் காற்றில் வைத்து இழுத்துக் காட்டினார்.

அப்பா கடைசிவரை ஸ்கூட்டரைச் சாவி போடாமல் இரண்டு முறை மெதுவாக மிதித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார். நாங்கள் சலித்துக்கொள்வோம். ஐயா, அது எங்கே பழகிய கை, பழகிய கால் என்று உங்கள் வீட்டுத் திண்ணையில்தான் எனக்குப் புரிந்தது.

அப்புறம், பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடித்த பெரியவருக்கு. வி.எம். காட்கே தலைமையில் நம் ஆட்களே வடிவமைத்த விமானம் அது என்று சொல்லும்போது அவர் குரல் கம்மியது. 1951 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. துணி போர்த்திய டைகர் மாத் விமானங்களில் பழகிய நம் விமானப்படைக்கு, முழுக்க உலோகத்தாலான, 155 குதிரைத்திறன் கொண்ட பயிற்சி விமானம் கிடைத்தது. 150க்கும் மேல் செய்தார்களாம். கானா நாட்டு விமானப்படை தொடங்கிய காலத்தில் 12 விமானங்கள் அங்கேயும் போயின. தகட்டுக்கு வெளியே ஒருவர் ரிவெட் அடிக்க, உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடித்திருப்பாராம். உள்ளே பிடித்தவர் இவர். காது போனது அதில்தான் என்றார், பெருமையாகவே.

கோயம்புத்தூரில் இருக்கும் முன்னாள் பயிற்றுநர் சாருக்கும் நன்றி. 1954இல் விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி வடக்கே அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு வந்த கதையிலிருந்து தொடங்கினார். எச்.டி-2 வாலுக்கு அடியில் சின்னச் சக்கரம் உள்ள வால்சக்கர விமானம் என்பதால், தரையைத் தொட்ட பிறகும் கால் பெடலில் கவனம் சிதறினால் மூக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். "இறங்கி நின்ற பிறகுதான் மூச்சு விடணும்" என்று மாணவர்களிடம் சொல்வாராம். 1980களில் எச்.பி.டி-32 என்ற புதிய பயிற்சி விமானம் வந்து இதன் இடத்தைப் பிடித்தது.

பெங்களூரு அருங்காட்சியகத்தில் அம்மாவுக்காக நாற்காலி தேடிக் கொண்டுவந்து போட்ட காவலர் தம்பி, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். மன்னிக்கணும். அம்மா அந்த விமானத்தின் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

படத்தின் பிரதியை எல்லோருக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சேலையூர் ஐயாவுக்கு மட்டும் பெரிதாக, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகாமலே பார்க்கிற மாதிரி.

அன்புடன்,
தாம்பரத்து மெக்கானிக்கின் மகள்